தந்திக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு

கோவையில் நடக்கிற பரிசோதனை இசை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். "கஃபே, கிதார், லேப்டாப், இளசுங்க கூட்டம். படமும் நல்லா வரும்" என்று ஆசை காட்டினார்கள். போனேன்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மாடி அறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்களாம். நாற்பது நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. ஒரு கிதார், ஒரு கஞ்சிரா, ஒரு லேப்டாப். பாட்டுப் பட்டியல் கிடையாது, ராகம் தாளம் எதையும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் இருபது நிமிடம் வெறும் தடவல். ஒருவர் எதையாவது போடுவார், மற்றவர் காது கொடுப்பார், ஒட்டாது, விட்டுவிடுவார்கள். அப்புறம் கஞ்சிராக்காரப் பையன் தோலில் கொஞ்சம் தண்ணீர் தடவி, விரலை அழுத்தி இழுத்து, வாய் திறக்காமல் ஒருத்தர் முனகுவது போல ஒரு சத்தம் எழுப்பினான். கிதார் அதைப் பிடித்துக்கொண்டது. சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அதே நொடியில் பதினைந்து செல்போன்கள் மேலே ஏறின.

பையன் அதைப் பார்த்தான். அதே சத்தத்தை மறுபடி எழுப்பினான். மூன்றாம் தடவையும் அதேதான். அதற்குப் பிறகு அன்று அவன் வேறெதையும் தேடவில்லை.

நிகழ்ச்சி முடிந்து ஒருவர் மைக்கைப் பிடித்து, "நம்ம கோயம்புத்தூருக்கு இதெல்லாம் புதுசு" என்று பெருமைப்பட்டார். கைதட்டினார்கள். எனக்குத் தாயியின் ஞாபகம் வந்தது.

கோயம்புத்தூர் தாயி. இயற்பெயர் பழனிகுஞ்சரம். 1872இல் பிறந்து 1917இல், நாற்பத்தைந்து வயதிலேயே போய்விட்டவர். தேவதாசி மரபு. ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொண்டு சென்னையில் பாடிப் பேர் வாங்கினார். கிராமபோன்காரர்கள் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துத் தொடங்கிய வியாபாரம் தெற்கே வந்தபோது அவர்களுக்கு அகப்பட்ட அருமையான குரல்களில் ஒன்று இவருடையது. மைக் இல்லாத காலம். பெரிய கொம்பு ஒன்றின் வாய்க்குள் தலையை விடாத குறையாகப் பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், பெரிய தட்டானால் நாலு. அதற்குள் ராகத்தைக் காட்டி, பாட்டைப் பாடி, இறங்கிவிட வேண்டும்.

1912 வாக்கில் பாரிஸிலிருந்து மோரிஸ் தெலாஜ் என்றொரு இசையமைப்பாளர் பெற்றோரோடு இந்தியாவுக்கு வந்தார். குடும்பத்துக்கு ஷூ பாலிஷ் தொழில். இவரோ இசையமைப்பாளர் ரவேலின் மாணவர். இங்கே கேட்ட சங்கீதம் ஆளைப் புரட்டிப் போட்டது. தாயியின் குரலில் சொக்கிப் போனவர், இசைத்தட்டுகளைக் கையோடு பாரிஸுக்குக் கொண்டுபோனார். ‘நான்கு இந்துக் கவிதைகள்’ என்று ஒரு பாடல் வரிசை எழுதினார். மதராஸ், லாகூர், காசி, ஜெய்ப்பூர் என்று நாலு ஊர் பேரில் நாலு பாட்டு. அதில் லாகூர் பாட்டில் செல்லோவின் தந்தியைத் தளர்த்தி, விரலை வழுக்கவிட்டு சிதாரின் இழைப்பை வரவழைத்தார். பாடுகிற பெண் ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும்.

அது மேடையேறியது 1914 ஜனவரி 14. நம் ஊரில் பொங்கல் சமயம். ரவேலும் நண்பர்களும் சேர்ந்து, பழைய சங்கீத சபைக்காரர்களோடு முறைத்துக்கொண்டு நடத்திவந்த கச்சேரி வரிசை ஒன்று பாரிஸில் இருந்தது. ரவேலின் புதுப் பாட்டு, ஸ்திராவின்ஸ்கியின் புதுப் பாட்டு, தெலாஜின் இந்தப் பாட்டு, மூன்றும் ஒரே மாலையில் அங்கே அரங்கேறின. அன்றைக்கு உலகத்திலேயே புதுமையான சங்கீதம் எது என்று கேட்டிருந்தால் அந்த அரங்கைத்தான் கைகாட்டியிருப்பார்கள்.

இதைவிடச் சுவாரசியமானது தெலாஜின் இன்னொரு உருப்படி. ‘ராகமாலிகா’ என்றே பெயர். தாயியின் ஒரு தட்டை அடியொற்றி எழுதியது. பாடுவது பிரெஞ்சுக்காரப் பெண், கூட வாசிப்பது பியானோ, வரிகளோ தமிழ். நடுவில் நம் மத்தளத்தின் மொத்தென்ற சத்தம் தெலாஜுக்கு வேண்டியிருந்தது. பியானோவில் அது எங்கே இருக்கிறது? குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தின் தந்திக்கு அடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்ளச் சொல்லி எழுதி வைத்தார். தந்தி அடங்கி, தோல் போலத் தட்டியது.

அமெரிக்காவில் ஜான் கேஜ் பியானோவுக்குள் திருகாணியும் போல்ட்டும் செருகி, ‘தயார் செய்த பியானோ’ என்று பேர் வாங்கியது 1940 வாக்கில். பரிசோதனை இசை என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பியானோவுக்குள் ஒரு பொருளைச் செருக வைத்தது நம்ம ஊர்ப் பெயரைச் சுமந்த ஒரு பெண்ணின் பாட்டு. ஊர்ப் பெருமைக்கு இது போதும். இதோடு நிறுத்திவிட்டால் அலுவலகத்திலும் மகிழ்ச்சியடைவார்கள்.

ஆனால் அந்தப் பதினைந்து செல்போன்கள் என்னை விடவில்லை. தெலாஜ் எதைக் கேட்டு எழுதினார்? தாயி என்றோ ஒரு நாள், ஒரே ஒரு தடவை, கொம்புக்கு முன்னால் நின்று பாடியதை. மறுநாள் பாடியிருந்தால் அந்தக் கமகம் வேறு இடத்தில் விழுந்திருக்கும். ஒரு ராகத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற இடத்தில் இன்னும் நாலு சுற்று சுற்றியிருக்கலாம், அல்லது சட்டென்று இறங்கியிருக்கலாம். மனோதர்மம் என்று பெயர் வைத்திருப்பதே அதற்காகத்தானே. தட்டில் விழுந்த அன்றைய மனசு காகிதத்தில் ஏறி, அச்சாகி, இனி மாற்றக்கூடாத பாடம் ஆகிவிட்டது. பாரிஸில் அதைப் பாடுகிறவர், தாயி அந்த ஒரு நாள் இழுத்த இடத்தில்தான் இன்றைக்கும் இழுத்தாக வேண்டும்.

பதிவு இல்லாவிட்டால் தாயி என்ற பேரே உனக்குத் தெரிந்திருக்காதே என்று கேட்பார்கள். நியாயம்தான். அதை அவர்கள் எழுதட்டும்.

நாயனக்காரர் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி புறப்பாட்டில் தெருத்தெருவாக, சாமம் சாமமாக வளர்ந்த ராகம், தட்டில் சில நிமிடத்துக்குள் அடங்கி வீடு வீடாகப் போனது. பின்னால் வந்த நாயனக்காரர்கள் எத்தனை பேர் அந்தத் தட்டுத் தோடியையே தோடி என்று வாசித்தார்கள்! கேட்கிற சனமும் அதைத்தான் கேட்டது. ‘அவர் வாசித்தது மாதிரியே இருக்கு’ என்பது பாராட்டாகிவிட்டது. அவரைப் பொறுத்தவரை அது வசவாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாட்டு ஒவ்வொரு தடவையும் வேறாகும் என்பதைக் கொங்கு நாட்டில் துல்லியமாகக் காட்டிய ஒரு சம்பவம் உண்டு. 1965. காங்கேயம் பக்கம் ஓலப்பாளையம், அன்றைக்குக் கோவை மாவட்டம். பிரெண்டா பெக் என்ற இளம் மானிடவியல் ஆராய்ச்சியாளர் ஊரில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அண்ணன்மார் கதையை ஒரு பாடகர் உடுக்கையடித்துப் பாட, உடன் ஒருவர் பின்பாட்டுப் பாட, 18 ராத்திரி நடந்தது. பெக் டேப் ரெக்கார்டரோடு முன்னால் உட்கார்ந்து முழுசையும் பதிவு செய்தார். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற பதிவு. அதோடு விடாமல், அதே பாடகரைத் தனியாக உட்காரவைத்து, அதே கதையைச் சொல்லச் சொல்லி எழுதவும் வைத்தார்.

அதே ஆள், அதே கதை. ஆனால் சனம் சுற்றி உட்கார்ந்திருக்க ராத்திரியில் வளர்ந்ததும், எழுதுகிறவர் எதிரே உட்கார்ந்து கேட்க வந்ததும் இரண்டு உருவமாக இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவர் எழுதிய ‘தி த்ரீ ட்வின்ஸ்’ 1982இல் வெளியானது. யூகோஸ்லாவியாவில் 1930களில் கதைப்பாடகர்களைப் பதிவு செய்தவர்களும் இதையேதான் கண்டார்கள். சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுகிறேன் என்று பாடகர் சத்தியம் செய்வார், பதிவைப் போட்டுப் பார்த்தால் சொல்லெல்லாம் மாறியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ‘அப்படியே’ என்றால் அவருக்குக் கதை, நமக்கு ஒலிநாடா.

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் ஓர் ஊரில் உடுக்கைக்காரர் ஒருவரைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உடுக்கையை மடியில் வைத்து, நூல் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் சத்தம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முன்னெல்லாம் பொழுது விழுந்தா உக்காருவாங்க தம்பி, கோழி கூப்பிடற மட்டும் போகுமுங்க. அண்ணன்மாரு தங்கச்சி தங்காள் அழுகறதுக்கே ஒரு ராத்திரி வேணும். பொம்பளைங்க அழுதா இன்னுங் கொஞ்சம் இழுப்பேன். தூங்கி விழுந்தா, சண்டைக்குப் போயிருவேன்."

"இப்ப எப்படிங்கய்யா?"

"இப்ப ரண்டு மணி நேரமுங்க. அதும் போன வருச வீடியோவுல பாடுன மாதரயே பாடச் சொல்றாங்க. வேற மாதர இழுத்தா, ‘பெரியவருக்கு மறந்து போச்சு’ங்கறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உடுக்கையின் இடுப்பை ஒரு அழுத்து அழுத்தினார், அது ‘ஹும்’ என்றது. ரேஸ்கோர்ஸ் மாடியில் அந்தப் பையன் ஈரத்தோலில் வரவழைத்த முனகல் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அவனை இவரிடம் கூட்டிவர வேண்டும் என்று அப்போது தோன்றியது. இன்னும் செய்யவில்லை.

வள்ளி கும்மியைச் சொல்லாமல் விட்டால் கொங்குக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2024இல் 87 வயதில் பத்மஸ்ரீ வாங்கிய கோவை பத்திரப்பன், ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். இன்று ஊர் ஊராகப் பெண்கள் ஆடுகிறார்கள் என்றால் அது சின்ன விஷயமில்லை. ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே அடி வைப்பது கண்ணுக்கு விருந்துதான். எனக்குக் காது மட்டும் ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தது. நூறு பேர் ஒத்துப்போக வேண்டுமானால் ஆசிரியர் எங்கே இழுப்பார், எங்கே விடுவார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஆட்டக்காரி ஒருத்தியின் கால் தவறி, பாட்டு அவளுக்காக அரை அடி காத்திருக்கிற வேலை இனி நடக்காது.

சபாக்களில் இதன் இன்னொரு முகம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போவது பழைய கதை, அதை விடுங்கள். இப்போது எழாமல் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். ராத்திரிக்குள் அது ஊரெல்லாம் போய்விடும். அடுத்த வாரம் வேறு சபாவில் வாசிக்கிறவருக்குத் தெரியும், முன்வரிசையில் இருப்பவர் அந்தக் கோர்வையை ஏற்கெனவே நாலு தடவை கேட்டவர் என்று. புதுசாகப் போட்டு நடுவில் தடுக்கினால், அந்தத் தடுக்கலும் நிரந்தரமாகிவிடும். கணக்குப் போட்டு வைத்ததை வாசித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். மிருதங்கக்காரர் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் மைக்கே வேண்டாம் என்று மறுத்தார். இங்கிருந்து கணவாயைத் தாண்டினால் அவர் ஊர். அன்றைக்கு அதைப் பிடிவாதம் என்றவர்கள் உண்டு. செல்போன் காலத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

தடுக்குவதற்கு இடம் வேண்டும். மாடி அறையில் அந்த இருபது நிமிடத் தடவல்தான் உண்மையில் நான் காசு கொடுத்துப் பார்த்த நிகழ்ச்சி. அதை ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை.

கடைசியாக, பல்லடம் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு முந்தின வாரம். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஜமாப் மேளக் குழுப் பையன்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர். ஒரு பைக்கின் சீட்டில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வேறு மாவட்டத்துக் குழு ஒன்றின் வீடியோ. அதைப் பார்த்து அடி அடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், கை சுத்தமாக விழுந்தது.

நடுவில் போன் மணி அடித்தது. வீடியோ நின்றது. போனுக்குச் சொந்தக்காரப் பையன் எடுத்து, "சொல்லுங்கம்மா... ஆமாங்... வர்றப்ப வாங்கிட்டு வர்றனுங்" என்று நடந்துபோனான். உருமிக்காரன் நிறுத்தவில்லை. வளைந்த குச்சியைத் தோலில் இழுத்துக்கொண்டே இருந்தான், கொஞ்சம் மெதுவாக. பெரிய மேளக்காரன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளிப் போட்டான். அது வீடியோவில் இல்லாத அடி. தப்பட்டைப் பையன் உள்ளே புகுந்தான். திண்ணைக் கிழவி ஒருத்தி வெத்தலை இடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்குமா? இருக்கும்.

போனோடு போனவன் திரும்பி வந்தான். சீட்டில் சாய்த்து வைத்தான்.

"எங்கடா விட்டோம்?"

விரலால் பின்னுக்கு இழுத்தான். "ஒரு நிமிசம் பன்னண்டு செகண்ட். அங்கிருந்து புடிங்கடா."