புழுவும் கத்தரியும் ஒரு தடையும்

கத்தரியைத் துளைக்கும் புழு முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெகுநேரம் வெளியில் தங்குவதில்லை. தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். புகுந்தபின் மேலே அடிக்கிற மருந்து அதன்மேல் படாது. அதனால் புழு வந்தபின் அடிப்பதைவிட, வருமுன்னே அடித்துவைப்பதே விவசாயிக்குத் தெரிந்த வழி. பூச்சி மும்முரமான காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறைகூட அடிப்பார்கள். அந்த நஞ்சை முதலில் சுவாசிப்பது தெளிப்பானைத் தோளில் சுமக்கும் கூலியாள். மரபணு மாற்றம் தர்மமா அதர்மமா என்று பேசும்போது பலரும் இவரைக் கணக்கில் எடுப்பதில்லை. மரபணு மாற்றிய புதிய விதையை வேண்டாம் என்று சொன்னால் ஆபத்து எதுவும் இல்லாமல் போய்விடுவதில்லை. பழைய ஆபத்து அப்படியே தொடர்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பி.டி. கத்தரி இந்தச் சிக்கலுக்காகவே உருவானது. மண்ணில் வாழும் பி.டி. என்ற பாக்டீரியா உண்டாக்கும் புரதம், சில வகைப் புழுக்களின் குடலில் மட்டும் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கும். அப்படி ஒட்டிக்கொள்வதற்கான இடம் மனிதக் குடலில் இல்லை. அந்த பாக்டீரியாவைக் கரைத்துத் தெளிப்பதை இயற்கை விவசாயமும் ஏற்கிறது. பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்தால் செடியே அப்புரதத்தைத் தயாரித்துக்கொள்ளும். இது இயற்கைக்கு விரோதம் என்பது வலுவான வாதமாக எனக்குத் தோன்றவில்லை. 1982 முதல் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலினும் மரபணு மாற்றிய நுண்ணுயிர் தந்ததுதானே? ஆனால் தெளிப்பதும் செடிக்குள் வைப்பதும் ஒன்றல்ல என்பது உண்மை. தெளித்தது வெயிலில் சில நாட்களில் சிதைந்துவிடும். செடிக்குள் இருப்பது பருவம் முழுவதும் புழுவைக் கொன்றுகொண்டே இருக்கும். அதைத் தாங்கிப் பிழைக்கும் புழுக்கள் பெருக அதுவே வழிவிடும்.

இது வெறும் அச்சமல்ல. 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி, சில ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவியது. பச்சைக் காய்ப்புழு அடங்கியது. மருந்துச் செலவு குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றுத் திரும்பிவந்தது. எதிர்ப்புத் திறன் பரவாமல் தடுக்க வயலோரம் சாதாரணப் பருத்தியும் நட வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலோர் பின்பற்றவில்லை. அதோடு, விதை பெரும்பாலும் வீரிய ஒட்டுரகம் என்பதால் ஆண்டுதோறும் கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. இந்தக் குறைகள் மரபணுவால் மட்டும் வந்தவையல்ல. விதையை விற்ற விதத்தாலும் கண்காணிக்காத விதத்தாலும் பெருகியவை.

கத்தரியில் வேறு பாதை இருந்தது. தனியார் நிறுவனமான மஹிகோ கொண்டுவந்த மரபணுவை, கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் உள்ளூர் ரகங்களில் சேர்த்தன. 2009 அக்டோபரில் ஒழுங்குமுறைக் குழு ஒப்புதல் தந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். சார்பற்ற ஆய்வுகள் வரட்டும் என்றார். கத்தரியின் பூர்வீகமாகக் கருதப்படும் நாட்டில், காட்டு இனங்களோடு மகரந்தம் கலக்குமா என்ற கேள்வி நியாயமானது, கேட்டது தவறில்லை. கேள்விக்கு விடை தேடாமல் தடையை மட்டும் பதினைந்து ஆண்டுக்கு மேல் நீட்டியதுதான் தவறு.

அதே மரபணுவை வங்கதேசம் எடுத்துக்கொண்டது. 2013இல் அனுமதி, 2014 ஜனவரியில் இருபது விவசாயிகளுக்கு நாற்று. ரகங்கள் அரசு ஆராய்ச்சி நிலையத்துடையவை. விவசாயி விதையை எடுத்துவைத்து மறுபோகம் விதைக்கலாம். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் பயிரிட்டனர். பூச்சிமருந்துச் செலவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாகக் கள ஆய்வு காட்டியது. நிறுவனங்களின் பிடியில் சிக்குவோம் என்ற எதிர்ப்புக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது அரிது. புழுவின் எதிர்ப்புத் திறன் பற்றிய கவலை மட்டும் அங்கும் தீரவில்லை.

விலங்குகள் என்று வரும்போது நான் இவ்வளவு தாராளமாக இருக்கமாட்டேன். செடிக்கு வலி இல்லை. 1980களில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் மனித வளர்ச்சி ஹார்மோன் மரபணு ஏற்றிய பன்றிகள், கொழுப்புக் குறைந்து வளர்ந்தன. கூடவே மூட்டு வீக்கமும் வயிற்றுப் புண்ணும் வந்து துன்பப்பட்டன. லாபம் மனிதனுக்கு, வலி பன்றிக்கு. 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுத் திருத்தப் பன்றியின் கதை வேறு: அதைக் கொல்லும் ஒரு சுவாச நோய் வைரஸ் அதன் உடலில் பிடிக்காது. நோயிலிருந்து தப்புவது பன்றிதான். நோய் வராது என்ற தைரியத்தில் கொட்டகையில் இன்னும் நெருக்கி அடைப்பார்களே என்றால், அது கொட்டகைக்குச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய விஷயம்.

மீண்டும் செடிக்கு வந்தால், தடை இருந்தால் விதை வராது என்பதும் நடைமுறையில் பொய்த்திருக்கிறது. அனுமதிக்கு முன்பே, 2001இல் குஜராத் வயல்களில் பி.டி. பருத்தி நின்றது. 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் பி.டி. கத்தரி அகப்பட்டது, அதிகாரிகள் செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். அனுமதியில்லாத விதைக்குக் கண்காணிப்பு கிடையாது, வயலோரம் சாதாரணச் செடி நடவேண்டும் என்று சொல்லவும் ஆள் கிடையாது.