500 பெரிதா, 50 பெரிதா?

என் சாச்சா வங்காலைக் கரையிலிருந்து படகில் போய்ச் சங்கு குளிப்பவர். சென்ற வருடம் ஒரு நாள் அவருடைய அமுக்கமானி பழுதாகிவிட, இரவல் மானியொன்றைச் சிலிண்டரில் பூட்டிக்கொண்டு பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கினார். அவருடைய பழைய மானி 'பார்' அலகில் அளப்பது. அதில் 200 என்றால் சிலிண்டர் நிறைவு. 50 ஆனதும் மேலேற வேண்டும். இரவல் மானியில் முள் 500 இல் நின்றது. 200 ஐயே நிறைவென்று பழகிய கண்ணுக்கு அது பெரிய எண்ணாகத் தெரிந்தது. கூட இறங்கியவர் கையைப் பிடித்து மேலே காட்டியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று உம்மா இன்றும் சொல்லிக் கலங்குவார்.

அந்த மானி பி.எஸ்.ஐ அலகில் இருந்தது. அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை இறாத்தல் விசை என்பது. 1 பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. எனவே,

500 ÷ 14.5 = 34.5 பார்.

மேலேற வேண்டிய எல்லையை அவர் எப்போதோ தாண்டிவிட்டார்!

அமுக்கம் என்பது ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை. ஒரு சதுர மீற்றரில் 1 நியூட்டன் தாக்கினால் அது 1 பஸ்கால். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பஸ்காலின் பெயர் 1971 இல் இவ்வலகுக்குச் சூட்டப்பட்டது. இது மிகச் சிறிய அலகு. ஆகவே ஒவ்வொரு தொழிலும் தனக்கு வசதியான அலகை வைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் இணைக்கும் பாலம் வளிமண்டல அமுக்கமே:

1 வளிமண்டலம் = 1,01,325 பஸ்கால்
= 1.01325 பார்
= 760 மில்லிமீற்றர் இரசம்
= 14.7 பி.எஸ்.ஐ

இந்த ஒரு வரிசையை மனனமிட்டால் போதும். வைத்தியர் குருதி அமுக்கம் 120 என்கிறார். அது இரச அலகு. 120 ஐ 760 ஆல் வகுத்து 1,01,325 ஆல் பெருக்குங்கள்; ஏறத்தாழ 16,000 பஸ்கால், அதாவது 16 கிலோபஸ்கால் வரும்.

பரீட்சையில் நாம் வழுக்குமிடம் இன்னொன்று உண்டு. காற்றுப்போன சைக்கிள் ரயரில் மானி பூச்சியம் காட்டும். உள்ளே வளியே இல்லையா? இருக்கிறது, வெளியிலுள்ள அதே அமுக்கத்தில். மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலதிகமானதை மட்டுமே. தனி அமுக்கம் வேண்டுமானால் ஒரு வளிமண்டலத்தைக் கூட்ட வேண்டும்.

சாச்சா இறங்கிய ஆழத்தையும் கணிப்போம். ஒரு பாகம் 6 அடி. பத்துப் பாகம் 18.3 மீற்றர். கடல்நீரின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1025 கிலோகிராம்.

18.3 × 1025 × 9.81 = 1,84,000 பஸ்கால் (அண்ணளவாக) = 1.84 பார்

வளிமண்டலத்தைக் கூட்டினால் 2.85 பார். அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் செலவாவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வளி செலவாகிறது. வளி தீர்ந்து பதறி மேலேறினால், குருதியில் கரைந்த நைதரசன் குமிழிகளாகிக் கைகால்களை முடக்கிவிடவும் கூடும்.

சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளித்த நம் முன்னோர் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கினார்கள். அவர்களுக்கு மானி இல்லை. பாகக் கணக்கு மட்டுமே இருந்தது. இன்று மானி இருக்கிறது. ஆனால் அலகை வாசிக்காதவருக்கு அதனால் என்ன பயன்?

சகோதரிகளே, விடைக்குப் பக்கத்தில் அலகு எழுத மறந்தால் நமக்கு ஒரு புள்ளி போகும். கடலில் போவது புள்ளி அல்ல. சாச்சாவின் மானியில் இப்போது நான் எழுதி ஒட்டிய சிறு துண்டு இருக்கிறது: "50 பார் = 725 பி.எஸ்.ஐ. மேலே வாங்க!"