குழாய்க்குப் பின்னால் ஒரு குட்டிக் கணக்கு!

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும்போது எல்லார் கண்ணும் நம்பெருமாள் மேல்தான். சேவித்துவிட்டு வாருங்கள், அவ்வளவு பெரிய கூட்டத்தின் தாகம் தீர்க்கும் தண்ணீருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம். அங்கே நடப்பதும் ஒரு திருவிழாதான்!

திருச்சிக்குக் குடிநீர், காவிரி, கொள்ளிடம் ஆற்று மணலுக்கு அடியிலிருந்து வருகிறது. கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுக்குள்ளேயே கிணறு இறக்கியிருக்கிறார்கள். மணலே வடிகட்டிவிடுவதால் தண்ணீர் பளிங்காக ஏறும். ஆனால் கிருமிக்கு மணல் மட்டும் போதாது, குளோரின் வேண்டும். எவ்வளவு? இங்கேதான் கணக்கு சூடு பிடிக்கிறது!

பி.பி.எம். என்றதும் மிரளாதீர்கள். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம், அவ்வளவுதான். லட்சம் லிட்டர் பிடிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கு 2 பி.பி.எம். வேண்டுமானால் 200 கிராம் குளோரின். ஆனால் பிளீச்சிங் பவுடர் முழுக்கக் குளோரின் இல்லையே! புதுசாகப் பிரித்த நல்ல பவுடரில் சுமார் 33 சதவீதம். அப்படியானால் 600 கிராம் போதும். ஈரக்காற்று பட்டு 20 சதவீதத்துக்கு இறங்கிய மூட்டையா? அதே தொட்டிக்கு ஒரு கிலோ! போன மாதத்து அளவை இந்த மாதமும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

பவுடரை அப்படியே கொட்டவும் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு மண்டி அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் தொட்டியில் விட வேண்டும். அப்புறம், குளோரின் கிருமியைக் கொல்ல அரை மணி நேரம் பொறுமை.

எனக்கு உயிரான காட்சி இனிமேல்தான்: குளோரோஸ்கோப்! கைக்கு அடக்கமான பெட்டி. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடாலிடின் கரைசல் சில சொட்டு விட்டால், மிஞ்சிய குளோரின் சட்டென்று மஞ்சளாகப் பூக்கும்! எவ்வளவு மஞ்சள் என்று பக்கத்திலுள்ள நிற அளவோடு உடனே ஒப்பிட வேண்டும். தாமதித்தால் நிறம் ஏறிப்போய்க் கணக்கைக் கெடுக்கும். தொட்டியடியில் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்தது. வழியெல்லாம் கிருமியோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துகொண்டு வரும். கடைக்கோடித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரவிதி.

ஆகவே, தண்ணீரில் லேசாக மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். சோதித்துப் பார்த்து மஞ்சள் வரவேயில்லை என்றால் காய்ச்சிக் குடியுங்கள்; அன்றைக்கே மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.