25 சென்டிமீட்டரில் ஒரு வீடு

வீட்டின் பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றிவந்து, மனையில் பொருத்தும் முறை உலகெங்கும் பரவிவருகிறது. அதைச் சொன்னதும் பலருக்கும் இரும்புச் சட்டமும் தகரச் சுவரும்தான் நினைவுக்கு வரும். புதுச்சேரியின் பாகூரிலோ வில்லியனூரிலோ சித்திரை மதியத்தில் தகரச் சுவருக்குள் உட்கார்ந்து தையல் வேலை பார்க்க முடியாது. ஆனால் கூறு கூறாகக் கட்டுவதற்கு இரும்பு கட்டாயமில்லை. மாறாத ஓர் அளவு இருந்தால் போதும். அந்த அளவை மண்ணிலேயே பிடித்துத் தரும் ஒரு பொறி, வில்லியனூரிலிருந்து அதிக தூரமில்லாத ஆரோவிலில் தயாராகிறது. அதன் பெயர் ஆரம் 3000.

கையால் இயக்கும் பொறி இது. மின்சாரம் வேண்டாம். சலித்த மண்ணில் எடைக்கு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கைப்பிடியில் உருண்டை பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி, அச்சுப் பெட்டியில் நிரப்புகிறார்கள். மூடியைச் சாத்தி நீண்ட நெம்புகோலை இழுத்தால், மண்ணின்மீது 15 டன் விசை இறங்குகிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்று வெளியேறி, கூர்மையான விளிம்போடு ஒரு கல் மேலெழும்பி வரும். தேர்ந்த ஆட்கள் இருந்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 1000 கல் அடிக்கலாம். சூளை கிடையாது, விறகு கிடையாது. நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடிவைத்தால் சிமெண்ட் தன் வேலையை முடித்துவிடும். நாட்டுச் செங்கல்லுக்கு ஆகும் எரிசக்தியில் இதற்குப் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்பது ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டின் கணக்கு. 1989இல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் இந்த நுட்பத்தை இங்கே வளர்த்தெடுத்தது. இதன் மூதாதை, 1950களில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ராவுல் ராமிரெஸ் என்பவர் வடிவமைத்த சின்வா-ராம் என்னும் கைப்பொறி.

இனி அளவுக்கு வருவோம். ஒரு கல் 24 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம், எடை சுமார் 10 கிலோ. இடையில் 1 செ.மீ. கலவை வைத்தால் கிடைமட்டத்தில் 25, உயரத்தில் 10. வீடு முழுவதையும் இந்த இரண்டு எண்களில் வரைந்துவிடலாம். உள்ளே 301 செ.மீ., வெளியே 349 செ.மீ. உள்ள சதுர அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் பக்கத்துக்கு 14 கல். மூலைகளை இருமுறை எண்ணாமல் பார்த்தால் ஒரு வரிக்கு 52 கல். 27 வரி ஏற்றினால் 2.7 மீட்டர் உயரம், 1404 கல். 4 கல் அகலமும் 21 வரி உயரமும் கொண்ட வாசலுக்கு 84 கல்லும், 4 கல் அகலமும் 12 வரி உயரமும் கொண்ட இரண்டு ஜன்னல்களுக்கு 96 கல்லும் கழியும். மீதி 1224. இவற்றை அடிக்கச் சிமெண்ட் 12, 13 மூட்டை. மூட்டு மாற்றிக் கட்டத் தேவையான அரைக்கல்லையும் முக்கால் கல்லையும் அதே பொறியில் அச்சு மாற்றி அடித்துக்கொள்ளலாம். கொத்தனார் கரண்டியால் கல்லை உடைக்க வேண்டியதே இல்லை; உடைந்து வீணாகும் குப்பையும் இல்லை.

இந்த 1224 கல்லுக்கான மண் எங்கிருந்து வரும்? மேல்மண்ணை நீக்கியபின் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்தால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். அந்தக் குழியே மழைநீர்த் தொட்டியாகும். மண் அள்ளவும் தொட்டி வெட்டவும் தனித்தனியே கூலி கொடுக்க வேண்டாம்.

எல்லா மண்ணும் உதவாது. வில்லியனூருக்கு வடக்கே ஊசுட்டேரிப் பக்கத்துச் செம்மண்ணில் மணலும் களியும் கலந்திருக்கும். இந்தக் கல்லுக்கு அது வாகானது. பாகூர் ஏரிப் பாசனத்து வயல் மண்ணில் களி அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதற்கு மணல் சேர்க்க வேண்டும், அல்லது சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். நெல் விளையும் வயலை வெட்டிக் கல் அடிப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

வேகத்துக்கும் சான்று உண்டு. 2001 ஜனவரி 26 நிலநடுக்கம் குஜராத்தின் கட்ச் பகுதியைத் தரைமட்டமாக்கியபின், ஆரோவில் குழு அங்குள்ள காவ்டாவில் 23 சதுர மீட்டர் வீடொன்றை முன்கூட்டியே செய்த பாகங்களைக் கொண்டு 62 மணி நேரத்தில் எழுப்பியது. வேலை செய்தவர்கள் 18 பேர். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் துளைக் கற்களை அடுக்கி, துளை வழியே கம்பி இறக்கிக் காங்கிரீட் ஊற்றுவது நிலநடுக்கத்துக்கான முறை.

நமக்கு நிலநடுக்கத்தைவிடப் புயலும் வெள்ளமுமே பெரிய பயம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2024 நவம்பர் 30இல் கரை கடந்த ஃபெஞ்சல், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது; அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிப் பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. சிமெண்ட் சேர்த்த மண்கல் தண்ணீரில் கரையாது. ஆனால் ஊறினால் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே பேஸ்மட்டத்தைக் கருங்கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ, கடைசியாக வந்த வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தியே தீர வேண்டும். சுவரின் தலையில் நான்கு பக்கமும் கம்பி ஓடும் வளைய பீம் போட்டு, கூரையை அதனோடு பிணைக்க வேண்டும். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கூரை விஷயத்தில் என் கருத்து சற்று மாறுபட்டது. ஆரோவிலில் மண்கல்லாலேயே கட்டிய வளைகூரைகளும் கும்மட்டங்களும் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற கொத்தனார் வேண்டும். மழைநீர் இறங்காமல் மேற்பூச்சு போடுவதிலும் அனுபவம் வேண்டும். கிராமத்துக்கு ஃபெரோசிமெண்ட் கால்வாய்ப் பலகைகளே ஏற்றவை. கம்பி வலையின்மேல் சிமெண்ட் கலவை பூசி, 25 மில்லிமீட்டர் தடிமனில் தரையிலேயே செய்து, தூக்கி வைத்துவிடலாம்.

ஓர் அறையில் குடும்பம், அடுத்த அறையில் தொழில் என்று வைத்தால் நடுவில் திண்ணை அமையட்டும். நீளச் சுவர்கள் தெற்கும் வடக்கும் பார்த்தால் வெயில் குறையும். மூன்றாவது அறை பிறகு வரட்டும். வாசல் வரப்போகும் சுவரில் இன்றே லிண்டல் போட்டு, கீழே கல்லால் அடைத்து வைத்தால் போதும். மேலே சொன்ன அளவில் மூன்று அறையின் உட்பரப்பு 27 சதுர மீட்டர். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 25தான்.

இந்தக் கல்லுக்கு ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. வங்கியோ பொறியாளரோ கேட்டால் அதைக் காட்டலாம். ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்தும் ஒரு பொறியை வாங்கி, பயிற்சி பெற்ற ஒரு குழுவோடு நாள் வாடகைக்கு விட முன்வர வேண்டும். வீடு கட்டப்போகிறவர்கள் செங்கல் லோடுக்கு முன்பணம் கொடுக்குமுன், தங்கள் மனையில் முழங்கால் ஆழம் தோண்டி ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மறுநாள் காலையில் மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலுமாகப் படிந்திருக்கும். அந்தப் பாட்டிலோடு ஒரு பொறியாளரைப் போய்ப் பாருங்கள்.