வெப்பத்திற்கு ஒரு வழி

மாணவர்களே, திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ரேடாரில் 1024 ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தொடக்கத்தில் 32 பெரிய அலைபரப்பிகள் அவற்றை இயக்கின. பின்னர், ஆண்டெனாவிற்கு ஒன்றாக 1024 சிறிய குறைகடத்தி அலைபரப்பிகள் அமைக்கப்பெற்றன. உருவில் சிறியவை எனினும், ஒவ்வொன்றும் ஒரு கிலோவாட் அளவிலான துடிப்புகளை வானை நோக்கி அனுப்ப வல்லது.

உள்ளே செலுத்தும் மின்னாற்றல் முழுவதும் அலையாக மாறுவதில்லை. எஞ்சிய பகுதி வெப்பமாகிறது. உங்கள் தெலுங்குத் தோழர்கள் 'வேடி' என்று கூறும் அதே வெப்பந்தான். அது வெளியேற வழியில்லையெனில் சில்லு கெடும். ஆகவே, இவ்வழியை அமைப்பது பொறியியல் மாணவர்க்கு மிகப் பொருத்தமானதொரு செயல்திட்டம் ஆகும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வெப்பம் தரும் ஒரு சிறு மின்தடை, அலுமினியத் தகடு, வெப்பநிலைமானி ஆகியவை போதும். தகட்டின் ஒரு பக்கம் சீப்பின் பற்களைப் போலப் பிரிந்திருக்கும். இதனைப் பொறியியலார் 'ஹீட் சிங்க்' என்பர். பற்கள் மிகுந்தால் காற்றைத் தொடும் பரப்பும் மிகும். ஆனால் அவற்றை மிக நெருக்கமாக அமைத்தால் இடையே காற்று ஓடாது, பயனும் குறையும். எந்த இடைவெளி சிறந்தது என்பதை அளந்துதான் அறிதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரு பரப்புகளைச் சேர்த்து வைத்தாலும் இடையில் நுண்ணிய காற்றிடைவெளிகள் இருக்கும். அலுமினியம் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 9000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். எனவே, தாளினும் மெல்லிய காற்றுப்படலமே பெருந்தடையாகிவிடும். அதனை நிரப்பவே வெப்பப் பசை தடவுகின்றனர். என் கருத்தில், விலையுயர்ந்த செப்புத் தகட்டைத் தேடுவதற்கு முன் இப்பசையைச் சீராகத் தடவக் கற்பதே நன்று.

இனி ஒரு கணக்கு. ஒரு சில்லு 10 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. வாட்டிற்கு 6 டிகிரி வீதம், அது சுற்றுப்புறத்தைவிட 60 டிகிரி செல்சியஸ் மிகுதியாகச் சூடேறும். காற்று 25 டிகிரியாக உள்ள சனவரிக் காலையில் சில்லின் வெப்பநிலை 85. அதே காற்று 42 டிகிரியாகக் கொதிக்கும் மே மாத நண்பகலில் அது 102. பல கணினிச் சில்லுகள் 100 டிகிரியை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. தகடு எத்துணைப் பெரிதாயினும், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகச் சில்லை வைத்திருக்க அதனால் இயலாது. ஆதலால், சித்தூரில் சனவரியில் எடுத்த அளவீட்டை மே மாதத்தில் மீண்டும் எடுத்தல் வேண்டும்.