இரண்டு கடிதம், மூன்று பேர்

‘காசாபிளாங்கா’ உலகத்துக்குக் காதல் படம். மொன்றியலின் மேற்குப் பக்கம் கர்க்லாண்டில் வீடு வாங்கிக் குடியேறிய ஈழத் தமிழருக்கு அது விசாப் படம்.

நாஜிகளுக்குத் தப்பியவர்கள் மொராக்கோவின் துறைமுக நகரொன்றில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். லிஸ்பன் போய்ச் சேர்ந்தால் அமெரிக்கக் கப்பல் கிடைக்கும். அதற்கான அனுமதிக் கடிதங்கள் இரண்டு, மதுக்கடை நடத்தும் ரிக்கிடம் சிக்குகின்றன. போக வேண்டியவர்களோ அவனோடு சேர்த்து மூவர்: பழைய காதலி இல்சா, அவள் கணவனான போராளி லாஸ்லோ.

அப்படியொரு கடிதம் நிஜத்தில் கிடையாது, கதைக்காகக் கட்டியது. நடித்தவர்களின் தவிப்பு மட்டும் கட்டியதல்ல. நாஜி மேஜராக வரும் கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். சூதாட்ட மேசையில் நிற்கும் மார்செல் டாலியோவும், பிரெஞ்சு தேசிய கீதம் பாடி அழும் மடலேன் லெபோவும் அப்போது கணவன் மனைவி. 1940இல் பாரிஸிலிருந்து ஓடி, லிஸ்பனில் கப்பலேறினார்கள். கையில் இருந்த சிலி விசா போலி என்று மெக்சிகோவில் தெரியவந்தது. அவர்களை அமெரிக்காவுக்குள் சேர்த்தது தற்காலிகக் கனடியக் கடவுச்சீட்டு. 1942 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் படம் வெளியானபோது லெபோவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

கனடா எல்லோருக்கும் அப்படிக் கதவு திறக்கவில்லை. 900க்கும் மேற்பட்ட யூதர்களோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலை 1939இல் ஏற்க மறுத்தது. அதற்கு 2018இல்தான் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. இடையே 1986 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அரசு தங்கவும் வேலை செய்யவும் அனுமதித்தது. பலர் மொன்றியலுக்கும் டொரொன்டோவுக்கும் வந்தார்கள்.

அவர்களும் கடலேறுமுன் ஏஜென்சிக்குக் காசு கட்டியவர்கள்தான். அதனால் இந்தப் படத்தின் முடிவு நம்மவருக்கு வேறு மாதிரிப் படும். லாஸ்லோ இரண்டு லட்சம் பிராங்க் தருவதாகச் சொன்னபோது, பத்து லட்சம் கொடுத்தாலும் இல்லை என்றவன் ரிக். கடைசியில் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, நீட்டிய பணத்தையும் வேண்டாம் என்கிறான்; அமெரிக்காவில் செலவுக்கு ஆகும் என்று திருப்பிவிடுகிறான். காதலியை விட்டுக்கொடுத்த நாயகர்கள் தமிழ் சினிமாவிலும் நிறைய. விசாவைக் கையில் வைத்துக்கொண்டு காசு வாங்காமல் கொடுத்தவனைத்தான் நம்மவர் அதிகம் கண்டதில்லை.