கடைசித் தொட்டிக்கும் அதே நூறு மில்லி

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தக்காளியும் கொத்தமல்லியும் முட்டைக்கோசும் விளையும் சூளகிரி வட்டாரம். இப்போது அதே சாலையில் செல்போன் உதிரிபாக ஆலைக்கு ஆளேற்றிப் போகும் ஷிப்ட் பேருந்துகளும் ஓடுகின்றன. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து இங்குள்ள விவசாயிகள் 2023-ல் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். நிலம் இப்படி இழுபறியாகிப்போன ஊரில் மொட்டைமாடியில், மண்ணே இல்லாமல், தேங்காய் நார்த்தூளில் தக்காளியோ குடமிளகாயோ வளர்க்க நினைப்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. கற்றுக்கொள்ளத் தொலைவு போகவேண்டாம். தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கொய்மலர் மகத்துவ மையம் இருக்கிறது. அமுதகொண்டபள்ளியில் டான்ஃப்ளோராவின் ரோஜாக் குடில்கள் இருக்கின்றன. அதற்கும் முன்பே, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05-ல் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மூன்றாண்டுகளில் ஆயிரம் ஏக்கருக்குச் சொட்டுநீரையும் கரையும் உரத்தையும் கொண்டுபோனது.

அப்படியும் மாடித்தோட்டக்காரர்கள் முதலில் வாங்குவது டைமரைத்தான். டைமர் தண்ணீரைத் திறக்கும், மூடும். தண்ணீரைப் பங்கு பிரிக்க அதற்குத் தெரியாது. ஒரு தொட்டி சதசதவென்று நிற்க, பக்கத்துத் தொட்டிச் செடி மதியத்தில் தலைசாய்வது அதனால்தான். மண்ணாக இருந்தால் கூடக்குறைய ஊற்றினாலும் வேர் தேடிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். பத்து லிட்டர் நார்த்தூளில் அந்தச் சலுகை கிடையாது. சாப்பாடும் அந்தத் தண்ணீரிலேயே வருவதால், பங்கு குறைந்த செடிக்குப் பட்டினியும் சேர்ந்துகொள்கிறது.

குழாய் நீளம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நாற்பது தொட்டி, தொட்டிக்கு மணிக்கு இரண்டு லிட்டர் என்றால் மொத்தம் 80 லிட்டர். தொட்டி வரிசையோடு ஓடும் பதினாறு மில்லிமீட்டர் குழாயான லேட்டரலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோளாறு உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் கொடுக்கும் டிரம்மின் நீர்மட்டம் தரையிலிருந்து இரண்டு மீட்டர் என்று வையுங்கள். ஸ்டாண்டின் கீழ்த்தட்டுத் தொட்டி கால் மீட்டரிலும் மேல்தட்டு ஒன்றே கால் மீட்டரிலும் இருந்தால், கீழே 1.75 மீட்டர் அழுத்தம், மேலே 0.75 மீட்டர்தான். சாதாரண டிரிப்பரில் ஒழுக்கு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். கணக்குப் போட்டால் கீழ்த்தட்டு ஒன்றரை மடங்கு குடிக்கிறது. டிரம் காலியாகக் காலியாக இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

அதே ஸ்டாண்டுக்கு ஒரு சிறு மோட்டார் வைத்து, ஒரு பார், அதாவது பத்து மீட்டர் அழுத்தம் கொடுத்தால், ஒரு மீட்டர் உயர வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து சதவீதமாகச் சுருங்கிவிடும். பேட்டரி ஸ்பிரேயரின் 12 வோல்ட் மோட்டாரே போதும். மிச்சத் தண்ணீர் டிரம்முக்குத் திரும்ப ஒரு பைபாஸ் வால்வு, பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். இந்த அழுத்தம் இருந்தால் பி.சி. டிரிப்பரும் வேலை செய்யும். அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, அழுத்தம் கூடினால் வழியை ஒடுக்கி ஒழுக்கை ஒரே அளவில் வைத்திருக்கும். டிரம்மின் ஈர்ப்பு அழுத்தத்தை மட்டும் நம்பி பி.சி. டிரிப்பர் வாங்குவது காசுக்குக் கேடு.

இதிலும் ஒரு சூது உண்டு. மணிக்கு எட்டு லிட்டர் டிரிப்பர் ஒன்றில் நான்கு மைக்ரோ டியூப் பிரித்து நான்கு தொட்டிக்குக் கொடுப்பது குடில்களில் வழக்கம். பி.சி. சவ்வு எட்டு லிட்டருக்குத்தான் பொறுப்பு. அதை நான்காகப் பிரிப்பது டியூப்களின் பாடு. நான்கும் ஒரே நீளத்தில், ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்று அடைத்தால் அதன் பங்கு மற்ற மூன்றுக்கும் போய்விடும். மொத்த ஒழுக்கு சரியாகவே இருப்பதால் கேஜில் ஒன்றும் தெரியாது.

அடுத்தது, மோட்டார் நின்றபின் நடப்பது. பதினாறு மில்லிமீட்டர் லேட்டரல் ஒரு மீட்டருக்குச் சுமார் 150 மில்லி தண்ணீர் பிடிக்கும். இருபது மீட்டருக்கு மூன்று லிட்டர். மூன்று நிமிடம் ஓட்டித் தொட்டிக்கு நூறு மில்லி, நாற்பது தொட்டிக்கு நான்கு லிட்டர் கொடுக்கிறீர்கள். நின்றதும் குழாயில் உள்ளது எல்லாம் தாழ்ந்த பக்கத்துத் தொட்டிகளில் வடிந்தால், எவ்வளவு கவனமாகப் பிரித்தும் பயனில்லை. மோட்டார் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் சி.என்.எல். டிரிப்பர் இதற்காகவே வந்தது. அது கிடைக்காவிட்டால் லேட்டரலைத் தரையில் ஓட்டி, டியூபைத் தொட்டிக்கு மேலேற்றி, மோட்டார் பக்கம் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டினாலும் குழாய் நிறைந்தே நிற்கும்.

சரியாக வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. பதினாறு தொட்டியில் டியூப் நுனிக் குச்சியை எடுத்துப் பாட்டிலுக்குள் விட்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, குறைவாக வந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுங்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வந்தால் நல்ல அமைப்பு.

வந்த சமம் நீடிப்பது வேறு விஷயம். கடினமான போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு டிரிப்பருக்குள் படியும். கால்சியம் நைட்ரேட்டை மக்னீசியம் சல்பேட்டோடு அடர்த்தியாக ஒரே வாளியில் கரைத்தால் ஜிப்சம் வண்டலாகும். ஏ டேங்க், பி டேங்க் என்று பிரித்து வைப்பதன் காரணம் இதுதான். 120 மெஷ் டிஸ்க் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். லேட்டரலின் கடைசி மூடியை அவ்வப்போது திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

தொட்டியடியில் வடிவதையும் பிடித்து அளக்கவேண்டும். கொடுத்ததில் 20 முதல் 30 சதவீதம் வெளியே வந்தால் உப்பு தேங்காது. வடிநீரின் இ.சி. (உப்பளவு) ஊற்றிய தண்ணீரைவிட வெகுவாக ஏறினால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் போதவில்லை. வெயிலும் காற்றும் நேரே அடிக்கும் ஓர வரிசையில் முதலில் அப்படித்தான் காட்டும். டைமரை எல்லோருக்கும் சேர்த்து ஏற்றவேண்டாம்; அந்த வரிசைக்கு மட்டும் இன்னொரு டிரிப்பர் குத்திவிடலாம்.